சத்தியம் செய்த கை

கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் அமான்பீபி அக்கா என் வீட்டுக்குள் வருவார். கைபேசி அவருடைய நீள அங்கியின் பையில் இருக்கும். "எடுத்துக்கோ" என்று இடுப்பை என் பக்கம் சாய்ப்பார். நான்தான் எடுக்க வேண்டும், நான்தான் அழுத்த வேண்டும்.

அவர் பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பவர். எங்கள் நாட்டில் வெளிநாட்டோடு முகம் பார்த்துப் பேசும் வழிகளை அரசாங்கம் அடைத்துவைத்திருக்கிறது. அடைப்பைத் தாண்ட ஒரு திருட்டுச் செயலி உண்டு. எல்லார் கைபேசியிலும் உண்டு, கேட்டால் யாரிடமும் கிடையாது. போன இலையுதிர் காலத்தில் பள்ளி ஊழியர்களை வரிசையாக நிறுத்தி, குர்ஆன்மீது கைவைத்து, இனி அதைத் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். ஆசிரியைகள் அன்று மாலையே திறந்துகொண்டார்கள். அக்காவால் முடியவில்லை.

"அவனுங்ககிட்ட பொய் சொல்றது தினமும் நடக்கிறதுதான். இது அல்லாகிட்ட சொன்னதாச்சே."

மகள் லாச்சின் இஸ்தான்புலில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலையில் இருக்கிறாள். அவளுடைய கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது. அங்கே உள்ள எங்கள் தூதரகத்தில் புதுப்பித்துத் தரமாட்டார்கள், ஊருக்கு வா என்பார்கள். வந்தவர்களைத் திரும்ப விமானம் ஏற விடுவதில்லை. அதனால் அக்காவுக்கு மகள் என்பது, என் சமையலறையில் சர்க்கரைக் கிண்ணத்தின்மேல் சாய்த்துவைத்த கைபேசிதான்.

பேச்சு வசவில்தான் தொடங்கும். "மூஞ்சி ஏன்டி வத்திப்போச்சு? அந்தக் கிழவி உன் சோத்தையும் சேத்துத் திங்கிறாளா?"

"கைய எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க? காட்டு."

"இருக்கு, இருக்கு. இன்னும் வெட்டல."

படம் உறைந்து நின்றால் அடுப்பை ஊதுவதுபோலத் திரையை ஊதுவார். கையை நீட்டமாட்டார்.

"உன்னையும் பாவத்துல தள்ளுறேனோ?" என்று சில நாள் கேட்பார்.

"நான்தான் சத்தியம் பண்ணலையேக்கா. ரொட்டி சுடுறவள யார் கூப்பிடப்போறா?"

நேற்று கூப்பிட்டார்கள். மாவுக் கையோடு போனேன். கழுவிவிட்டு வரச் சொன்னார்கள்.

அன்று மாலை அக்கா வந்து வழக்கம்போல இடுப்பைச் சாய்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த என் கைகளையே பார்த்தார்.

"உன்னையுமா?"

"எல்லாரும் பாத்துட்டு நின்னாங்கக்கா."

"ஒரு கையக்கூட விட்டுவைக்கமாட்டானுங்க."

கிழவி தூங்கும் நேரம் அது. லாச்சின் காத்திருப்பாள். "இன்னிக்கு மட்டும் நான் அழுத்துறேனே" என்றேன்.

"நீ சும்மா இரு. பாவத்துக்கு ரெண்டு பேரு எதுக்கு?"

முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளைப் பிரித்தார். குழாயைத் திறந்து, வாய் கொப்பளித்து, தொழுகைக்குப் போகிறவர்போல வலது கையை முழங்கைவரை நிதானமாகக் கழுவினார். என் துண்டில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கைபேசியைத் தானே எடுத்து மேசையில் வைத்து, விரலை நீட்டினார்.