மவுத் ஆர்கனில் மருந்து

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேடை ஏறிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் கழுத்து தானாக நிமிர்ந்துகொள்கிறது. அந்த மேடையில் நான் எச்சில் வடித்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் தென்காசிப் பக்கம். அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் கட்டட வேலை. சித்தப்பா தம்பானூர் ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். ஊரில் பார்த்து வைத்த பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பொன்முடி மலைக்குக் கீழே கல்லாற்றில் பழக்கடை வைத்திருந்த மலையாளப் பெண்ணை அவர் கட்டிக்கொண்டு வந்தார். அம்மாவிடம் இதற்கு ஒரே விளக்கம்தான் இருந்தது: சித்தி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள். பொன்முடி அடிவாரத்து மருந்து ஒரு சிட்டிகை உள்ளே போனால் போதுமாம், அப்புறம் அந்த ஆள் வைத்தவளின் பின்னாலேயே சுற்றுவானாம். சித்தி வீட்டுக்கு வந்தாலே நான் அவள் கைகளைத்தான் கவனிப்பேன்.

ஒருநாள் அந்தக் கையில் மவுத் ஆர்கன் இருந்தது. அவள் வாசித்ததும் எனக்குச் சந்தேகம் பாதி மறந்துபோயிற்று. அவளிடமே கற்றுக்கொள்ளத் தொடங்கி, பள்ளி ஆண்டுவிழாவில் வாசிக்கிறேன் என்று டீச்சரிடம் பெயர் கொடுத்துவிட்டேன். நான்காம் வகுப்பில் என்னைத் தமிழ்க்காரி என்பதற்காகக் கேலியாகப் "பாண்டி" என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் கை தட்ட வேண்டும். வேறு எதையும் நான் வேண்டவில்லை.

தடையாக இருந்தது என் வாய். நாலு வரி வாசிப்பதற்குள் எச்சில் ஊறி, துளைகளுக்குள் இறங்கி, சத்தம் அடைத்துக்கொள்ளும்.

"துப்பலு வந்தா பேடிக்காதே மோளே," என்பாள் சித்தி. "வரி தீரும்போ விழுங்கிக்கோ. தலையைக் கொஞ்சம் பொக்கி மேலே பிடி, துப்பலு கீழே இறங்காது. அடைச்சா உள்ளங்கையிலே ரெண்டு தட்டு."

விழாவன்று அவள் ஒரு பிளாஸ்கில் பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். அதன் துவர்ப்பில் வாய் வறண்டுபோகும், மேடையில் எச்சில் ஊறாது என்றாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"ஏட்டி, அதக் குடிச்சிராத. என்னத்தக் கலக்கிக் கொண்டாந்திருக்காளோ."

"சாயாதானம்மா?"

"ஒங்க சித்தப்பனும் சாயான்னுதான் குடிச்சிருப்பான்."

சாயா செம்பருத்திச் செடிக்குப் போயிற்று. அம்மா தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தொண்டைக்கு நல்லதென்று இரண்டு பெரிய பனங்கற்கண்டுக் கட்டிகளை என் வாயில் போட்டாள். ஊரில் பாடப் போகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். பாட்டுக்காரிக்கும் ஊதுகிறவளுக்கும் வாய் வேறு என்று அம்மாவுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? கற்கண்டு கரையக் கரைய வாயெல்லாம் இனிப்பும் எச்சிலுமாக நிரம்பியது. அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாவதில் ஒரு சுரம் அடைத்தது. மூன்றாவதில் காற்று மட்டும் வந்தது. பாகு போன்ற எச்சில் முகவாயில் வழிந்து சீருடையில் சொட்டியது. முன்வரிசையில் சித்தியைத் தேடினேன். அவள் முகவாயைத் தூக்கி, தொண்டையை அசைத்து எதையோ விழுங்கினாள். உதடுகள் முணுமுணுத்தன. உள்ளங்கையில் விரல்களால் தட்டினாள், மறுபடி தட்டினாள். பக்கத்தில் இருந்த அம்மா கண்களை உருட்டி அவளைக் காட்டினாள். மந்திரம்! அவள் கற்றுக்கொடுத்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. பாதியில் இறங்கி ஓடினேன். பின்னால் சிரிப்புத்தான் கேட்டது, கைதட்டல் இல்லை.

வராந்தாவில் சித்தி என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிட்டாய் தின்னோ நீ?"

நான் பின்னாலேயே வந்துவிட்ட அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேடையைப் பார்த்தாள்.

சித்தி என் கையிலிருந்து மவுத் ஆர்கனை வாங்கி உள்ளங்கையில் தட்டினாள். நூல் நூலாக எச்சில் இறங்கியது. கையை மட்டும் புடவையில் துடைத்துக்கொண்டு, அதை அப்படியே தன் உதட்டில் வைத்து, நான் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

அம்மா என் காதருகே குனிந்தாள். "பாத்தியா? உனக்கு வச்ச மருந்த உறிஞ்சி எடுக்கா."

நான் நம்பினேன். என் எச்சில் ஒழுகிய ஒன்றை ஒருத்தி முகம் சுளிக்காமல் தன் வாயில் வைத்துக்கொள்வதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உள்ளே ஒன்று பயமுறுத்தியது. அவள் வாசிப்பதை நிறுத்தக் கூடாது, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று இருந்தது. சாயாவைத்தான் நான் குடிக்கவே இல்லையே, மருந்து எப்படி உள்ளே போயிற்று என்று யோசித்துக்கொண்டே அவள் புடவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.