டெல்மா ஒதுக்கிய கூடுகள்

டெல்மா ஹௌகன் பத்தொன்பது வயதில் பெர்ச் கூலி என்ற ஊரின் மதுக்கடையில் ஒருவனின் மூக்கை உடைத்தாள். பின்னாலிருந்து வந்து அவள் இடுப்பைப் பிடித்தவன் அவன். கையில் கிடைத்தது பில்லியர்ட்ஸ் கோல். முப்பதை நெருங்கும்போது, குடித்துவிட்டு வந்து கன்னத்தில் அறைந்த கணவன் மெர்லை அடுப்பு கிளறும் கம்பியால் முழங்காலில் அடித்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். நொண்டிக்கொண்டே வண்டியேறிப் போனவன் திரும்பி வரவே இல்லை. மொன்டானாவின் அந்தச் சிற்றூரில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த இரண்டையும் சொல்லாமல் யாரும் அடுத்த விஷயத்துக்குப் போக மாட்டார்கள்.

வேலை, இறைச்சிக் கூடத்தில். இலையுதிர் காலம் வந்தால் வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து இறக்கும் எல்க் மான்களைத் தோலுரித்து, தொடையைத் தனியாக, விலாவைத் தனியாக அறுத்துக் கொடுப்பாள். தோள்பட்டை ஆண்பிள்ளையுடையது போல் அகன்றிருக்கும். தம்பி ஆர்லோ அவளைவிட எட்டு வயது சின்னவன். பண்ணைகளுக்கு வேலி போடுகிறவன். அவள் வீட்டுக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தான். சாப்பாடு மட்டும் அக்காவிடம்.

வேலையில்லாத நாட்களில் டெல்மாவைக் கொட்டகையில்தான் பார்க்க முடியும். தன் ரைபிளுக்கு வேண்டிய தோட்டாக்களைத் தானே செய்துகொள்வாள். சுட்டபின் வெளியே விழும் பித்தளைக் கூட்டை எடுத்து, மறுபடி வெடிமருந்து நிரப்பி, குண்டு வைத்து அழுத்துவது. ஊரில் பாதிப்பேர் செய்கிற வேலைதான். ஆனால் கூடு பொறுக்குவதில் அவளைப் போல் யாரும் மெனக்கெட்டதில்லை. ஒரே இடத்தில், ஒரே தடவையில் செய்த கூடுகளை மட்டும் சேர்த்து வைப்பாள். கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு நுனி வளைத்த கம்பி ஒன்றைக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உட்சுவரைத் தடவுவாள். அந்த இடத்தில் கம்பி லேசாகத் தட்டினாலும், உள்ளே பித்தளை தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வெடிப்பில் கூடு அங்கேதான் இரண்டாகும். அப்படிப்பட்டதைக் கதவோரம் இருந்த பெயின்ட் வாளியில் வீசுவாள். வாளி நிறைந்ததும் பழைய உலோகம் வாங்குகிறவனுக்குப் போகும்.

"புருஷன் தேடினப்பகூட நீ இவ்வளவு பாத்திருக்க மாட்டக்கா," என்பான் ஆர்லோ.

"அத பாக்காம எடுத்ததனாலதான்டா இத பாத்து எடுக்கறேன்."

ஆர்லோவுக்கு இந்தப் பொறுமை கிடையாது. போன வசந்தத்தில், கண்காட்சித் திடல் மண்டபத்தில் நடக்கும் துப்பாக்கிச் சந்தையில், லைல் டாக்கெட் என்பவனிடம் ஒரு பை நிறையக் கூடுகள் வாங்கி வந்தான். தங்கம் மாதிரி மின்னின. டெல்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மேஜையில் உருட்டிவிட்டாள்.

"மெருகு போட்டா கெழவியும் கொமரிதான். எத்தன தடவ சுட்டதுன்னு கேட்டியா?"

"ஒரே தடவன்னு சொன்னான்."

"அவன் சொல்வான். உம் மூஞ்சிலதானே வெடிக்கப்போவுது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்டோபர் கடைசியில், முழங்கால் பனியில், மலையடிவாரத்துப் பைன் காட்டில் ஆர்லோ ஒரு பெரிய ஆண் எல்க்கை வீழ்த்தினான். பொழுது சாய்ந்துவிட்டதால் குடலை மட்டும் எடுத்துவிட்டு, மறுநாள் காலை அக்காவையும் கூட்டிக்கொண்டு, இறைச்சி இழுக்க ஒரு பிளாஸ்டிக் சறுக்குவண்டியோடு திரும்பினான். காற்று எதிரே அடித்தது. மான் கிடந்த இடத்தில் மானைக் காணோம். மண்ணும் சருகும் பனியும் கலந்த ஒரு மேடுதான் இருந்தது.

"ஆர்லோ, நில்லு. கரடி எரைய மூடி வெச்சிருக்கு, பக்கத்துலதான் இருக்கும். அப்படியே பின்னால வா."

அவன் இன்னொரு அடி எடுத்து வைப்பதற்குள் மேட்டுக்குப் பின்னால் படுத்திருந்த கிரிஸ்லி கரடி எழுந்தது. உறுமவில்லை, எச்சரிக்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு நேரே ஓடி வந்தது. ஆர்லோ சுட்டான். சத்தம் சரியாக இல்லை. தகரத்தை அறைந்தது போல் ஒரு வெடிப்பு, ரைபிளின் பக்கவாட்டில் புகை பீறிட்டு அவன் கண்ணில் அடித்தது. குண்டு கரடியின் தோளில் எங்கோ பட்டது. அவன் கண்ணை மூடியபடியே ரைபிளின் போல்ட் பிடியைப் பின்னால் இழுத்து அடுத்த தோட்டாவைத் தள்ளினான். அது பாதியில் நின்றுவிட்டது. வெடித்த கூட்டின் அடி மட்டும் வெளியே வந்து, மீதி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் தள்ளினான், குத்தினான், "அக்கா!" என்று கத்தினான்.

கரடி அவனை மார்பில் மோதி மல்லாத்தியது. முதல் கடி வலது கையில். எலும்பு நொறுங்கும் சத்தம் டெல்மாவுக்குக் கேட்டது. இறைச்சிக் கூடத்தில் தினமும் கேட்கிற சத்தம் அது. இரண்டாவது கடி முகத்தில். தாடையைப் பிடித்து, நாய் துணியை உதறுவது போல் தம்பியை உதறியது. அடியில் அவன் கிடந்ததால் தூரத்திலிருந்து சுட அவளுக்குத் துணிவு வரவில்லை. அதனால் கிட்டே ஓடினாள். தன் ரைபிளின் குழல் ரோமத்தில் இடிக்கும் தூரத்துக்குப் போய் விலாவில் சுட்டாள். கரடி அவனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது. அதன் வாயிலிருந்து ஆர்லோவின் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. மறுபடி சுட்டாள். கழுத்தில். அது முன்னங்கால் மடங்கி விழுந்து, எழுந்து, ஒரு அறை விட்டது. அவள் தொடை பேன்ட்டோடு கிழிந்தது. விழுந்த வாக்கிலேயே திறந்த வாய்க்குள் சுட்டாள். அப்புறம் அது எழவில்லை.

ஆர்லோவின் தாடை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கு எங்கே, பல் எங்கே என்று தெரியவில்லை. அவள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி முகத்தைச் சேர்த்துக் கட்டினாள். மான் இறைச்சிக்கென்று கொண்டுவந்த சறுக்குவண்டியில் தம்பியைக் குப்புறப் போட்டு, ரத்தம் தொண்டைக்குள் போகாமல் தலையைச் சாய்த்து வைத்து, கிழிந்த தொடையோடு வண்டி நின்ற இடம்வரை இழுத்தாள். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். "செத்துகித்துத் தொலைஞ்சேன்னா, உன்ன நானே கொன்னுடுவேன்டா."

கிரேட் ஃபால்ஸ் ஆஸ்பத்திரியில் அவன் பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது. தாடையைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தொண்டையில் குழாய். டெல்மா தொடைத் தையலோடு வாகன நிறுத்தத்துக்குப் போய், வண்டியில் கிடந்த அவன் ரைபிளைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒட்டியிருந்த பாதிக் கூட்டைக் கொக்கி போட்டு இழுத்தாள். உடைந்த விளிம்பு சீராக, வெட்டியது போல் இருந்தது. பல தடவை சுட்டுத் தேய்ந்த கூடுதான் அப்படி உடையும். அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

தம்பியின் படுக்கைக்குத் திரும்பி வந்து குனிந்து கேட்டாள். "லைல் டாக்கெட்கிட்ட வாங்கினதுதானே?"

ஆர்லோ அவளைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. ஆமாம் என்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் சந்தையில் லைல் வழக்கமான மூலையில் கடை போட்டிருந்தான். ஒல்லியான ஆள், காதுவரை இழுத்த தொப்பி. பக்கத்தில் அவன் மனைவி ஓபல் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். டெல்மா நொண்டிக்கொண்டே வந்து அந்த உடைந்த கூட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"இது உன் சரக்கு."

அவன் எடுத்துப் பார்த்தான். "எஞ்சரக்குன்னு எப்படிச் சொல்றே? இதே முத்திர உள்ள கூடு இந்த மாநிலம் பூரா கெடக்கு."

"என் தம்பி மொகத்துல பாதி இல்ல."

"கேள்விப்பட்டேன். வருத்தமாத்தான் இருக்கு டெல்மா. ஆனா உந்தம்பி அவசரக்காரன். மருந்த கூடப் போட்டிருப்பான், இல்லே..."

அவன் அதை முடிக்கவில்லை. மேஜைமேல் இருந்த இரும்புத் தோட்டாப் பெட்டியைப் பிடியோடு தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். கன்ன எலும்பு உள்ளே போனது. நாற்காலியோடு சாய்ந்தவன்மேல் மேஜையைக் கவிழ்த்து, அவன் எழ முயன்றபோது மறுபடி அடித்தாள். பல் தெறித்தது. கூடுகள் மண்டபம் முழுக்க உருண்டன. ஓபல் அவள் முதுகில் ஏறித் தலைமயிரைப் பற்றிக் காதைக் கடித்தாள். "கொல்றாளே! கொலகாரி! யாராவது புடிங்கடா இவள!" நாலு பேர் சேர்ந்துதான் டெல்மாவைத் தரையில் அழுத்த முடிந்தது. அப்போதும் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள்.

ஷெரீப்பின் ஆட்கள் கூட்டிப்போனார்கள். சில வாரம் சிறையில் இருந்தாள். வெளியே வந்தபோது இறைச்சிக் கூடத்தில் அவளுக்குக் கைதட்டல். "நல்லா குடுத்தே அக்கா! அந்தப் பய ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்," என்றான் வாடிக்கைக்காரன் ஒருவன். லைலிடம் யாரும் எதுவும் வாங்கவில்லை. யாரோ அவன் வண்டிச் சக்கரங்களைக் குத்தினார்கள். அவன் வீட்டு ஜன்னலில் ஒரு குண்டு பாய்ந்தது, யார் சுட்டது என்று தெரியவில்லை. டெல்மா இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது நன்றாகத் தூக்கம் வந்தது.

ஜனவரியில் ஆர்லோவின் தாடைக் கம்பியை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள், சமையலறையில் அவள் மசித்த உருளைக்கிழங்கை ஊட்டிக்கொண்டிருக்கும்போது, கோணல் வாயால் சொல் சொல்லாகச் சொன்னான்.

"அக்கா. அது லைல் குடுத்தது இல்ல."

கரண்டி நின்றது. "என்னடா ஒளறே?"

"அவங்கிட்ட வாங்கினதெல்லாம் கோடையிலேயே சுட்டுத் தீத்துட்டேன். ஒண்ணுகூட மிஞ்சல. சீசன் வந்துடுச்சு, கையில கூடு இல்ல. நீ வேலைக்குப் போயிருந்தே. கதவுகிட்ட வாளி நெறைய கெடந்துச்சு."

"என் வாளியா?"

"பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. நீ ரொம்பப் பாக்கறேன்னு நெனச்சேன். எடுத்து மருந்து போட்டுட்டேன்."

"நான் கேட்டப்ப கண்ண மூடினியேடா!"

"வெக்கம்க்கா. உம் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? நீ போய் அவன அடிச்சத எனக்கு டிசம்பர்லதான் சொன்னாங்க."

டெல்மா தட்டைச் சுவரில் எறிந்தாள். கை ஓங்கியேவிட்டது. எதிரே இருந்த முகத்தில் அடிக்க இடமில்லை. எல்லாம் தையல். அவள் கொட்டகைக்குப் போய் அந்த வாளியைக் கவிழ்த்து, ஒவ்வொரு கூடாக எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் நசுக்கினாள். கை கொப்பளித்தும் நிறுத்தவில்லை. வேண்டாமென்று ஒதுக்கத் தெரிந்தவளுக்கு அதை யாரும் எடுக்க முடியாதபடி செய்யத் தோன்றவில்லையே என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கேட்க அங்கே யாரும் இல்லை.

அன்றைக்கே லைல் வீட்டுக்கு வண்டியை விட்டாள். அவன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஒரு பக்கக் கன்னம் குழிந்து, அந்தக் கண் கீழே இறங்கியிருந்தது. ஓபல் கதவில் வந்து நின்றாள்.

"உங்கூடு இல்ல லைல். என் வாளியில இருந்து எந்தம்பி எடுத்தது. உன்ன அநியாயமா அடிச்சுட்டேன்."

அவன் கோடரியோடு நடந்து வந்தான். அவள் நகரவில்லை. அவன் அவளைத் தாண்டிப் போய் அவள் வண்டியின் முன்கண்ணாடியில் கோடரியை இறக்கினான். விளக்குகளை உடைத்தான். கதவைப் பிளந்தான். மூச்சு வாங்க, உடைந்த பல்லுக்கிடையில் எச்சில் தெறிக்க, கத்தியபடி வெட்டினான். கடைசியில் கோடரியை ஓங்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஏன் ஓடல?"

"ஓடறதுக்கா வந்தேன்?"

அவன் கோடரியைப் பனியில் வீசினான். "எங்கிட்டச் சொல்லி எனக்கு என்ன புண்ணியம்? எல்லார் முன்னாலயும் வெச்சு அடிச்சே. எல்லார் முன்னாலயும் சொல்லு. இப்பப் போ."

முன்கண்ணாடி இல்லாத வண்டியில், முகத்தில் பனி அடிக்க, வீடு வந்து சேர்ந்தாள்.

ஏப்ரல் சந்தையில் ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. "லைல் மேல தப்பில்ல. நான் ஒதுக்கிப்போட்ட கூடுதான் வெடிச்சது. நான்தான் தப்பா அடிச்சேன்." கைதட்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் "அப்ப இனிமேயும் நாங்க உங்கிட்டயே கறி வெட்டிக்கணுமா?" என்று அவள் பூட்ஸ்மேல் துப்பினான். துடைக்காமல் அடுத்த மேஜைக்குப் போனாள்.

லைலின் மேஜைக்கு வந்தபோது ஓபல் நிமிர்ந்து பார்த்தாள். "உன்னப் பாத்தாலே வயிறு எரியுது. ஆனா நில்லு. நாலு பேர் வர்ற வரைக்கும் இங்கயே நின்னு சொல்லு."

நின்றாள். மதியம் நெருங்கும்போது, வெளியூர் இளைஞன் ஒருவன் கூடுகளை அளைந்துகொண்டே லைலின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "என்ன பெருசு, உன் கூடே உம் மூஞ்சில வெடிச்சுதா?"

டெல்மாவின் விரல்கள் மூடின. தோள் எழும்பியது. அவன் சட்டையைப் பிடிக்க அவள் ஒரு அடி வைத்தாள்.

"கைய கீழ போடு டெல்மா," என்றான் லைல், தலை தூக்காமல், கூடுகளைப் பையில் போட்டுக்கொண்டே. "இன்னொருத்தன எஞ்சார்புல அடிக்காதே. போதும்."

கையைக் கீழே போட அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆனால் போட்டாள்.