காதுக்குக் கீழே ஒரு புள்ளி

தம்பி வரைந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு யாராவது எதிரே வந்தால் அக்கா நடையைக் குறைத்துவிடுவாள். படம் கோணாமல் இருக்கிறதா, மை எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போட்டிருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அவர்கள் அச்சுக்கூடத்தில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிசிறு வெளியே போகாது.

ஒரே ஒரு முறை போயிற்று.

அவர்கள் ஊர் கால்பந்தில் ஜெயித்தது மொத்தமே ஒரு கோப்பை. அதைக் காப்பாற்றிக் கொடுத்த கோல்கீப்பருக்குக் 'கதவு' என்று பட்டப்பெயர். நாற்பது வருஷத்துக்கு முந்தைய பத்திரிகைப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு தம்பி மூன்று மாதம் மல்லுக்கட்டினான். படக்கதை நாயகன் மாதிரி கதவு குறுக்கே பறக்கிறார். விரல் நுனியில் பந்து. பின்னால் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. கீழே, "கதவு சாத்தியாச்சு!" அன்று மைதானமே கத்திய வாசகம்.

அச்சடிக்கும் முன், மை இறங்கும் திரைச் சட்டத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஊசித்துளை தெரிந்தால் டேப் ஒட்டி அடைப்பது அக்காவின் வேலை. முதல் நாள் பரபரப்பில் ஒன்றை விட்டுவிட்டாள். இருபத்துநான்கு சட்டைகளில் கதவின் காதுக்குக் கீழே கடுகளவு கறுப்புப் புள்ளி விழுந்து, அவை விற்றும் போய்விட்டன. அன்றே துளையை டேப் ஒட்டி அடைத்தும் இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"விடுக்கா, மச்சம்னு நினைச்சுப்பாங்க."

"அவருக்கு மச்சமே கிடையாதுடா. போட்டோவப் பாரு."

"ஊர்ல நீ ஒருத்திதான் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குறவ."

அடுத்த மாதம் கடைவீதியில் பெரிய துணிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதே கதவு பறந்தார். அதே தொட்டி, அதே வாசகம், காதுக்குக் கீழே அதே புள்ளி. முதல் இருபத்துநான்கில் ஒன்றை வாங்கி யாரோ அப்படியே உருவியிருக்கிறார்கள். அக்காவுக்குக் கோபத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. அத்தாட்சி கிடைத்துவிட்டதே! தம்பியை இழுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

"சார், இந்தப் புள்ளி நான் விட்ட தப்பு. எங்க திரையில இருந்த ஓட்டை. உங்க சட்டைக்கு எப்படி வந்துச்சு?"

மேனேஜர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "புள்ளிக்கெல்லாம் நான் என்னம்மா பதில் சொல்றது? சரக்கு மேலேருந்து வருது. நான் விக்கிறேன்."

"மேலன்னா எங்க?"

"சத்தியமா எனக்கே தெரியாதும்மா."

அவர் பொய் சொல்லவில்லை. அதனாலேயே அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் அச்சுக்கூடம் தேடி வந்தார். டெப்போ ஆட்களுக்கு முப்பது சட்டை வேண்டுமாம். தம்பி புதிதாக அடித்த ஒன்றை விரித்துக் காட்டினான். அவர் கதவின் காதருகே விரல் வைத்துத் தேடினார்.

"மச்சத்தக் காணோமே தம்பி? ஊர்ல எல்லார் சட்டையிலயும் இருக்கே. இது டூப்ளிகேட்டா?"

"அண்ணே, இதுதான் ஒரிஜினல்! வரைஞ்சதே இவன்தான்," என்றாள் அக்கா.

"நீங்க சொல்றீங்கம்மா, எங்க ஆளுங்க நம்பணுமே? மச்சமில்லாத கதவ வாங்கிட்டு வந்துட்டான்னு ஓட்டித் தள்ளிடுவானுங்க."

அக்கா ஓடிப்போய்ப் பத்திரிகைப் படத்தை எடுத்து வந்தாள். அவர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "இதுல தெளிவா இல்லியேம்மா," என்று திருப்பிக் கொடுத்தார்.

தம்பி நகத்து மையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு, "மச்சத்தோடயே அடிச்சுத் தரேண்ணே," என்றான்.

அவர் போனதும் அக்கா சொன்னாள், "டேய், அது என் தப்புடா."

"தெரியும்க்கா. டேப்ப எடு."

ஓரமெல்லாம் நகத்தால் அழுத்தி ஒட்டிய டேப், லேசில் வரவில்லை. வந்ததும் துளை வழியாக ஊசிமுனை வெளிச்சம் அவள் மணிக்கட்டில் விழுந்தது. சட்டத்தை இறக்கிக் கொடுத்தாள். தம்பி மையை ஊற்றி, அதை வழிக்கும் ரப்பர் பட்டையை இழுத்தான்.

முதல் சட்டை ஈரம் காயாமல் வந்தது. காதுக்குக் கீழே புள்ளி. பழக்கத்தில் அக்காவின் கட்டைவிரல் அதைத் துடைக்கப் போனது.

"அக்கா," என்றான் தம்பி, தலை நிமிராமல்.

அவள் கையை இழுத்துக்கொண்டு, அடுத்த சட்டையைச் சுருக்கமில்லாமல் விரித்தாள்.