அத்தையின் தனித் தட்டு

ஆனந்தமேரி அத்தை பூக்கட்டியே தம்பி பிள்ளைகளைக் கரையேற்றியவள். திண்டுக்கல் பூச்சந்தையில் அவள் கட்டிய மல்லிகைச் சரம் நெகிழ்ந்ததாகப் பேச்சே கிடையாது. புகையிலையை அடக்கி அடக்கிக் கன்னத்தில் புற்று வந்தது. அறுபத்தொன்றாம் வருடம் மதுரை ஆஸ்பத்திரியில் அவள் கன்னத்துக்குள் ரேடியம் ஊசிகளைச் செருகி வைத்து வைத்தியம் பார்த்தார்கள்.

அவள் வீடு திரும்பியபோது மதினி ரோஸ்மேரி கைக்குழந்தையோடு வாசலுக்கு ஓடினாள். குறுக்கே வந்து நின்றான் அவள் கொழுந்தன் சிலுவைமுத்து. அத்தை வளர்த்த தம்பி மகன்; அந்த வீட்டின் முதல் பட்டதாரி, பௌதிகம் படித்தவன்.

“பிள்ளையைக் குடுக்காதீங்க மதினி. ரேடியம் பாதி கழியவே ஆயிரத்தறுநூறு வருசமாகும். மிச்சத்துல பாதி கழிய இன்னொரு ஆயிரத்தறுநூறு. பாதி பாதியாத்தான் குறையும். அடியோட தீரவே தீராது.”

அத்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். “அப்ப எனக்குச் சாவே கிடையாதுன்னு சொல்லு” என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு. மாட்டுக்கொட்டடி ஓரம் தனிப் பாய்.

மறுபரிசோதனைக்கு அவன்தான் துணைக்குப் போனான். அத்தை உடம்பில் மிச்சமிருக்கும் கதிர்வீச்சைப் பற்றி நர்ஸிடம் இங்கிலீஷில் கேட்டான்.

நர்ஸ் சிரித்தபடி தமிழிலேயே பதில் சொன்னாள். “ஊசியைத்தான் அப்பவே உருவிட்டோமே! அதைக் கன்னத்துல வச்சபடியா வீட்டுக்கு அனுப்புவோம்? ஊசி வெளியே வந்துட்டா உடம்புல ஒன்னும் தங்காது தம்பி.”

“உருவுனது எனக்குத் தெரியும்லே, நான் கத்துன கத்துல வார்டே முழிச்சிருச்சு” என்றாள் அத்தை. “நீ படிச்சவன். உள்ள ஏதோ தங்கியிருக்கும்போலன்னு நெனச்சேன்.”

அத்தையிடமே அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. திரும்பும் வழியில் கொடைரோடு தாண்டும்வரை அவன் பஸ் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

வீட்டில் எல்லோர் முன்னும் தான் சொன்னது தப்பு என்றான்.

“அன்னிக்கு அம்புட்டு உறுதியாச் சொன்னீக. இன்னிக்கு இல்லைங்கிறீக. எதைத் தம்பி நம்புறது?” என்றாள் மதினி.

அந்த வாரம் தட்டு அடுக்களைக்கு வந்தது. பிறகு பாய் வீட்டுக்குள் வந்தது. பிறகு குழந்தையின் பாதத்தை மட்டும் தொட விட்டார்கள். மடிக்குக் குழந்தை வரவில்லை.

“ஏலே சிலுவை,” வாசலில் பூத்தொடுத்துக்கொண்டே கேட்டாள் அத்தை, “உன் மதினிக்கு இந்தப் பயம் முழுசாத் தீர உன் கணக்குல எம்புட்டு நாளாகும்?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்கு விடை தெரியும். இதே வாசலில் நின்று ரேடியத்துக்கு அவனே சொன்னதுதான். தலையைக் குனிந்து, அவளுக்கு வாழைநார் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.