சுவிட்சை அணைக்கும் கை

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் வைத்த பெயர் மெயின் சுவிட்ச். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே தலைக்கு மேல் ஓடும் விசிறியை அணைத்துவிட்டுப் போகிற மனுஷன். கல்யாணத்தன்று விருந்தாளிகள் கை கழுவிக்கொண்டிருக்கையில் மண்டபத்து விளக்கை அணைத்தவர் என்று சொல்லிச் சொல்லி அக்காவே சிரிப்பாள். மற்றபடி தங்கமான மனுஷன். கீழே மரச்சாமான் பட்டறை, மேலே வீடு. காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார்.

நுரையீரல் கெட்டு அக்கா படுத்த படுக்கையானாள். சளி அடைத்தால் யாராவது உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, உறிஞ்சும் மெஷினைப் போட வேண்டும். கூப்பிட அவளுக்குக் குரல் இல்லை. பட்டறை இரைச்சலில் போன் அடித்தால் அத்தானுக்குக் கேட்காது.

வீடுகளில் விளக்கு, கேமரா எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது என் தொழில். பட்டறையில் அத்தான் பாட்டுக் கேட்கப் பெரிய ஸ்பீக்கர்களும் அவற்றை ஓட்டும் ரிசீவர் பெட்டியும் இருந்தன. அந்த ரிசீவரையும் அப்படி வீட்டு இணைப்பில் சேர்த்தேன். அக்கா கையில் ஒரு பட்டன். அழுத்தினால் ரிசீவர் தானே விழித்து, சத்தத்தை முழுக்க ஏற்றி மணி அடிக்கும். முதல் தடவை அடித்தபோது அத்தான் உளியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஒண்ணே ஒண்ணு அத்தான். இதோட சுவிட்சை மட்டும் அணைக்கவே கூடாது.”

“பாட்டு ஓடாதப்ப எதுக்கும்மா? தூங்குற பெட்டிக்குக் கரண்டு தண்டம்தானே?”

“அது தூங்கல, காதைத் திறந்து வச்சுக்கிட்டிருக்கு. அணைச்சீங்கன்னா அக்கா அழுத்தினாலும் அடிக்காது.”

“சரி தாயே, தொட மாட்டேன்.”

சுவிட்சின் மேல் டேப்பும் ஒட்டினேன். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் செய்தார். மணி அடித்தபோதெல்லாம் ஓடினார், அக்கா பிழைத்தாள். ஆனால் மரத்தூள் படிந்த டேப் எத்தனை நாள் ஒட்டும்? அது உதிர்ந்த பிறகு ஒரு நாள், மதியம் சாப்பிட ஏறும்போது, சுவிட்ச் போர்டு முழுவதையும் கையால் ஒரே தடவலில் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்காவுக்கு ஊட்டிவிட்டு இறங்கியதும் விளக்கையும் இழைப்பு மெஷினையும் மட்டும் போட்டுக்கொண்டார். மனசு செய்ததல்ல, கை செய்தது. அட பாவி மனுஷா!

சாயங்காலம் மேலே போனவர்தான் அவளைப் பார்த்தார். பட்டனை எடுக்க அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. எடுத்தவர் நேரே கீழே போய் அந்த போர்டின் முன்னால் நின்றார்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, வாய்க்கு வந்தபடி திட்டத்தான் போனேன். கூடப் பிறந்தவள் அல்லவா! பட்டப்பகலில் வீடு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளியலறையில்கூட. அக்கா அறையில் காலிக் கட்டிலுக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் அதை அணைக்கக் கை நீட்டினேன்.

“வேணாம்மா!” என்று பின்னாலிருந்து அலறினார். “எதையும் அணைக்காத. எது எதோட சேர்ந்திருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா.”