மிளகு உட்கார்ந்த இடம்

ராணுவ முகாமில் மோப்ப நாயைக் கவனித்துக்கொண்டிருந்த அந்தக் கார்ப்பரலுக்கு மனிதர்களிடம் பேசத்தான் வராது. நாயிடம் என்றால் வாய் ஓயாது. முகாமிலேயே சீருடை தைத்துக்கொடுக்கும் அவள் கணவன், "அதுகிட்ட பேசறதுல பாதி என்கிட்ட பேசேன், நானும் காதை நிமிர்த்திக்கிட்டுக் கேக்கறேன்" என்பான். அவள் சிரித்துவிட்டு நாயின் பாதத்தைத் துடைக்கப் போய்விடுவாள்.

நாயின் பெயர் மிளகு. கறுப்பாக, சின்னதாக இருக்கும், சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. லாரிகளிலும் கிடங்குகளிலும் ஒளித்து வைத்த போதைப்பொருளை முகர்ந்து கண்டுபிடிப்பது அதன் வேலை. கண்டுபிடித்தால் குரைக்காது, அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கும். உடனே அவள் ரப்பர் பந்தை எடுத்துப் போடவேண்டும். மிளகுக்குச் சம்பளம் அந்தப் பந்துதான்.

பள்ளிப் பிள்ளைகள் கைக்கே போதை மாத்திரை வர ஆரம்பித்ததும், முகாமில் அவர்களுக்காகச் சனிக்கிழமை வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். ஓட்டம், விளையாட்டு, மனம்விட்டுப் பேச்சு. ஒவ்வொரு சிப்பாயின் பொறுப்பிலும் சில பிள்ளைகள்.

"என்னை விட்டுடுங்க சார். பிள்ளைங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியாது" என்று வகுப்பை நடத்திய கேப்டனிடம் கெஞ்சினாள்.

"நீ பேச வேணாம், மிளகு பேசட்டும்" என்றார் அவர்.

கொஞ்ச நாளிலேயே அவள் 'மிளகு அக்கா' ஆகிவிட்டாள். அவள் வாய் திறப்பது குறைவு என்பதாலோ என்னவோ, பிள்ளைகள் தங்கள் கதையையெல்லாம் அவளிடம் கொட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை முகாம் கூடத்தில் மிளகின் வேலையைக் காட்டுவதாக ஏற்பாடு. வரிசையாகப் பெட்டிகள், ஒன்றில் மட்டும் பயிற்சிக்கான போதைப்பொருள் வாசனைச் சிமிழ். பிள்ளைகள் தரையில் புத்தகப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகளை நோக்கிப் போன மிளகு பாதியில் திரும்பியது. பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, அவள் பொறுப்பிலிருந்த ஒரு சிறுமியின் பைக்கு முன்னால் உட்கார்ந்தது. தலையைத் தூக்கிக் கார்ப்பரலைப் பார்த்தது.

அவள் கை சட்டைப்பையிலிருந்த பந்தைத் தொட்டுவிட்டது. எடுத்துப் போட்டால் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிடும். கையை வெறுமையாக வெளியே எடுத்தாள்.

"என்னம்மா, டிபன் பாக்ஸ்ல கறி வெச்சிருக்கியா? இவனுக்கு வாய் ஊறுது பார்" என்றாள்.

கூடம் கொல்லென்று சிரித்தது. சிறுமி சிரிக்கவில்லை. மிளகும் நகரவில்லை. வாரைப் பிடித்து இழுத்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சாப்பாட்டு வாசனைக்கு அது ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வேலையைச் சரியாகச் செய்த நாயைப் பொய்யனாக்கிவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது.

வகுப்பு முடிந்ததும், நாயைக் குளிப்பாட்ட உதவிக்கு வா என்று சிறுமியைக் கொட்டிலுக்கு அழைத்துப் போனாள். அவள் கேட்பதற்குள் சிறுமியே பையை நீட்டினாள்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கு நெஜமாவே தெரியாதுக்கா. ஆனா யாரு வெச்சிருப்பாங்கன்னு தெரியும்."

பையின் அடித்துணியைப் பிரித்தால் சின்னப் பொட்டலம் ஒன்று. கார்ப்பரல் அதை அப்படியே கேப்டனிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். கேப்டன் மேலிடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, சாதாரண உடையில் அவளோடு சிறுமியின் வீட்டுக்குப் போனார்.

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்று எடுத்த எடுப்பில் சொன்னாள். அப்புறம் மணிக்கட்டிலிருந்த சூட்டுத் தழும்பைத் தேய்த்தபடி, "தெரியும்... எனக்குத் தெரியும். வெளியில சொன்னா ஜெயில்ல போட்டுருவாங்களோன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்" என்று உடைந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கிடங்கில் மூட்டை தூக்கும் அண்ணன் உள்ளே வந்தான். கன்னம் ஒட்டி, கண் பஞ்சடைந்திருந்தது. தங்கை அவனைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் சொல்லலைண்ணா. நாய்தான் காட்டுச்சு."

அவன் கோபப்படுவான் என்று எல்லாரும் பயந்தார்கள். அவனோ வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தான். "உன் பைன்னா யாரும் தொட மாட்டாங்கன்னு வெச்சேன்" என்றான்.

விஷயம் காவல் நிலையத்துக்கும் போனது. பொட்டலம் சின்னது, பையனும் முதல் தடவை மாட்டியவன் என்பதால், சிகிச்சைக்குச் சம்மதித்தால் வழக்கு வேண்டாம் என்று கேப்டன் பேசி முடித்தார். முகாமில் கார்ப்பரலைத்தான் விசாரித்தார்கள். நாய் காட்டியதை அந்த இடத்திலேயே சொல்லாமல் மறைத்தது தப்பு என்றார் தளபதி.

"தப்புதான் சார். ஆனா அது பிடிக்கிறதுக்கான இடமில்லை. நம்மளை நம்பி வந்த பிள்ளைங்க. அந்தப் பிள்ளையை அத்தனை பேர் முன்னாடி காட்டிக்கொடுத்திருந்தா, ஒருத்தரும் நம்மகிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. தளபதி மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. நாய் காட்சிக்கு முன்னால் பைகளை வெளியறையில் வைத்துவிட வேண்டும் என்று புது விதியும் வந்தது.

அண்ணன் சிகிச்சை முடிந்து வந்தான். வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். மழைக்காலம் தாண்டவில்லை, மறுபடி போதையில் விழுந்தான். இந்த முறை வீட்டில் எதையும் ஒளித்து வைக்கவில்லை. தானே தங்கையிடம் சொன்னான். அவள் அழுதுகொண்டே முகாம் வாசலுக்கு அவனைக் கூட்டிவந்தாள்.

கார்ப்பரல் இருவரையும் ஜீப்பில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். படுக்கைப் பிரிவின் கதவருகே அவன் நின்றான்.

"திரும்பவும் விழுந்துட்டா என்னக்கா பண்றது?"

"திரும்பவும் வா" என்றாள் கார்ப்பரல்.

அவன் உள்ளே போனான். சிறுமி நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அக்காவுக்கு இடம் விட்டாள். அம்மா வேலை முடிந்து வந்து சேரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.