அண்ணன் நடந்து வர வேண்டிய பாட்டு

குனோங் ராபாட் ஊர் மண்டபத்தில் என் அண்ணன் மகளின் கல்யாண விருந்து. அந்த நாட்களில் வானொலியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரானிக் பாட்டு ஒலித்ததும் மண்டபம் இரண்டுபட்டது. இளசுகள் விசிலடித்தார்கள். எங்கள் வயதுக்காரர்கள் காதைப் பொத்தினார்கள்.

எனக்கு அந்தப் பாட்டென்றாலே எரிச்சல். டிஜேயிடம் போய், “மிஷின் கத்துற மாதிரி இருக்கு, மாத்துலா தம்பி!” என்றேன். பாட்டு நின்றது. என் மேசையில் கைதட்டினார்கள்.

மணப்பெண் ஓடிவந்தாள். “சித்தப்பா, அப்பாவுக்காகத்தான் போடச் சொன்னேன்லா. பக்கவாதம் வந்த பிறகு அந்தத் தாளத்துக்குத்தான் நடக்கப் பழகினாரு. இன்னிக்கு மேடை வரைக்கும் நடந்து வாரேன்னாரு.”

வேறு ஊரில், தாப்பாவில் இருக்கும் எனக்கு இது தெரியாது. திரும்பிப் பார்த்தேன். சக்கர நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்த அண்ணன், மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தார்.

பாட்டை மறுபடி போடச் சொல்லி, “வாங்கண்ணே” என்று கெஞ்சினேன்.

“வேணாம்டா. பாதிப் பேருக்குப் பிடிக்கல போல” என்றார்.

அந்தப் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அன்று கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால், அண்ணன் நடந்து வருவதைப் பார்த்திருப்பேன்.